கூட்டு ஆராய்ச்சி என்கிறார்கள், அந்தக் கூட்டில் நாம் எங்கே?

மூளை முடக்குவாதம் உள்ள குழந்தையின் தாயிடம் எப்படி ஆயிற்று என்று கேட்டுப் பாருங்கள். "பொறந்தப்ப புள்ள அழலங்க" என்பார். சேரியிலும், தூய்மைப் பணியாளர் குடியிருப்பிலும், செங்கல் சூளையிலும் இதே வாக்கியத்தை நான் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன். அடுத்து வருவதும் பெரும்பாலும் ஒன்றுதான்: "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், கண்ணாடிப் பெட்டியில வச்சாங்க."

அழாத அந்தச் சில நிமிடங்களில் குழந்தையின் மூளைக்குப் போகவேண்டிய ஆக்சிஜன் தடைபடுகிறது, மூளைச் செல்கள் சாகத் தொடங்குகின்றன. பிழைக்கும் குழந்தைகளில் பலருக்கு வலிப்பு, கைகால் இறுக்கம், பேச்சு வராமை, பார்வைக் குறைபாடு என்று வாழ்நாள் முழுக்கத் தொடர்கிறது. 2010ஆம் ஆண்டை வைத்துச் செய்யப்பட்ட உலக அளவிலான மதிப்பீடு ஒன்று, அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 11.5 லட்சம் பச்சிளங்குழந்தைகளுக்கு இத்தகைய மூளைப் பாதிப்பு ஏற்பட்டதாகக் கணக்கிட்டது. அவர்களில் 96 விழுக்காட்டினர் ஏழை நாடுகளிலும் நடுத்தர வருமான நாடுகளிலும் பிறந்தவர்கள். ஆனால் இதற்கான சிகிச்சை கண்டுபிடிக்கப்பட்டதும், சோதிக்கப்பட்டதும், பாடப்புத்தகத்தில் ஏறியதும் மீதி 4 விழுக்காட்டினர் பிறந்த நாடுகளில்தான்.

இந்தக் கணக்குப் பிசகு என்ன செய்யும் என்பதற்கு நம் ஊர் மருத்துவமனைகளிலேயே ஓர் ஆய்வு சாட்சியாக இருக்கிறது. அதைப் பற்றி நம் இயக்கங்களுக்குள் அதிகம் பேசவில்லை. பேசவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

குளிர வைக்கும் சிகிச்சை

பிறந்தவுடன் மூச்சுத்திணறி மூளை பாதிக்கப்பட்ட குழந்தையின் உடலை 33.5 டிகிரி செல்சியசுக்குக் குளிரவைத்து, 72 மணி நேரம் அப்படியே வைத்திருந்தால் மூளைச் செல்கள் சாவது குறையும். பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும். 2005 முதல் அமெரிக்கா, பிரிட்டன் போன்ற நாடுகளில் நடந்த ஆய்வுகள் இது பலன் தருகிறது என்று காட்டின. சாவும் குறைந்தது, ஊனமும் குறைந்தது. சில ஆண்டுகளிலேயே அந்த நாடுகளில் இது வழக்கமான சிகிச்சை ஆகிவிட்டது.

இங்கும் பல மருத்துவமனைகள் அதைச் செய்ய ஆரம்பித்தன. பணமிருந்த இடத்தில் இயந்திரம் வைத்தார்கள், இல்லாத இடத்தில் ஐஸ் பைகளைக்கூட வைத்தார்கள். லண்டனில் வேலை செய்தது சென்னையிலும் வேலை செய்யும் என்ற நம்பிக்கைதான் காரணம்.

அது உண்மையா என்று சோதிக்க 'ஹீலிக்ஸ்' என்ற ஆய்வு 2015 ஆகஸ்டில் தொடங்கியது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் மருத்துவர் சுதின் தையில் தலைமை தாங்கினார். பிரிட்டன் அரசின் சுகாதார ஆராய்ச்சி நிதியும், கார்ஃபீல்ட் வெஸ்டன், பில் அண்ட் மெலிண்டா கேட்ஸ் அறக்கட்டளைகளின் பணமும் வந்தன. இந்தியா, இலங்கை, வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளில் ஏழு தீவிர சிகிச்சைப் பிரிவுகள் பங்கேற்றன. எழும்பூர் அரசு குழந்தைகள் நல மருத்துவமனையும் அவற்றில் ஒன்று. மொத்தம் 408 குழந்தைகள். 202 பேரைக் குளிரவைத்தார்கள். 206 பேருக்குக் குளிரவைக்காமல் வழக்கமான சிகிச்சை கொடுத்தார்கள். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறை முடிவு செய்தது. 2019 பிப்ரவரியில் குழந்தைகளைச் சேர்ப்பது முடிந்தது. 18 மாத வயது வரை அவர்களைக் கவனித்துவிட்டு 2021 ஆகஸ்டில் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் முடிவை வெளியிட்டார்கள்.

குளிரவைத்ததால் ஊனமோ சாவோ குறையவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் குளிரவைத்தவர்களில் 50 விழுக்காடு, மற்றவர்களில் 47 விழுக்காடு. சாவை மட்டும் தனியே எடுத்தால் வித்தியாசம் பெரிது. குளிரவைக்கப்பட்டவர்களில் 84 குழந்தைகள் இறந்தன, அதாவது 42 விழுக்காடு. குளிரவைக்கப்படாதவர்களில் 63 குழந்தைகள், 31 விழுக்காடு. அங்கே உயிரைக் காத்த அதே சிகிச்சை, இங்கே அதிக உயிரைக் கொண்டுபோயிற்று. தீவிர சிகிச்சைப் பிரிவு வசதி இருந்தாலும் இந்த நாடுகளில் இச்சிகிச்சையைக் கொடுக்க வேண்டாம் என்று ஆய்வாளர்கள் பரிந்துரைத்தார்கள். எல்லா மருத்துவர்களும் அதை ஏற்கவில்லை. வேலூர் சி.எம்.சி.யும் நார்வே மருத்துவர்களும் சேர்ந்து செய்த சிறிய ஆய்வு ஒன்றில் மூளை ஸ்கேனில் பாதிப்பு குறைவாகத் தெரிந்தது. அந்த விவாதம் மருத்துவர்களுக்குள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் 408 குழந்தைகள் கொடுத்த பதிலை ஒதுக்கிவிட்டு இனி யாரும் பேச முடியாது.

"சோதனை எலி" என்று சொல்லிவிட்டுப் போகலாமா?

நம் தோழர்கள் சிலரிடம் இதைச் சொன்னபோது உடனே வந்த பதில், "வெள்ளைக்காரன் காசு, ஏழைப் பிள்ளை உடம்பு, அதான் விஷயம்" என்பது. அந்தக் கோபம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். 2009-10இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் கருப்பைவாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசியை ஆயிரக்கணக்கான சிறுமிகளுக்குப் போட்டார்கள். கணிசமானோர் பழங்குடிப் பிள்ளைகள். அமெரிக்காவின் 'பாத்' அமைப்பும் நம் ஐ.சி.எம்.ஆரும் சேர்ந்து நடத்திய திட்டம். ஏழு சிறுமிகளின் மரணத்துக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று விசாரணை சொன்னது. ஆனால் ஒப்புதல் படிவம் எப்படி வந்தது? பெற்றோர் இருக்க, விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்துப் போட்டார்கள். 2013இல் நாடாளுமன்ற நிலைக்குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது. தடுப்பூசி நல்லதா கெட்டதா என்பது வேறு கேள்வி. அந்தச் சிறுமிகளின் பெற்றோரைக் கேட்கத் தேவையில்லை என்று யாரோ முடிவு செய்தார்களே, அதுதான் சாதி.

இந்தூரில் அரசு மருத்துவமனை நோயாளிகள் மீது நடந்த மருந்துச் சோதனைகள் வெளியே வந்ததும், ஸ்வாஸ்த்ய அதிகார் மஞ்ச் 2012இல் உச்ச நீதிமன்றம் போனதும் இதே வரலாற்றின் பகுதி. அந்தப் போராட்டங்கள் இல்லாவிட்டால் இன்றிருக்கும் விதிகளும் இல்லை.

இருந்தாலும், ஆய்வே வேண்டாம் என்று சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. ஹீலிக்ஸ் நடந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? லண்டன் குழந்தையை வைத்து எழுதிய சிகிச்சையை நம் குழந்தைக்குத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டே இருந்திருப்பார்கள். யாரும் எண்ணிப் பார்த்திருக்க மாட்டார்கள். இறந்த குழந்தைக்கு "விதி" என்று பெயர் வைத்து வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். நம் பிள்ளைகளின் சாவை முறையாக எண்ணியதே இந்த ஆய்வின் பெரிய நன்மை. எண்ணப்படாமல் சாவதுதானே காலங்காலமாக நமக்கு நடந்திருக்கிறது? மலக்குழி மரணங்களை எண்ணவைக்கவே எத்தனை ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது?

ஆகவே நம் குழந்தைகளுக்கான ஆய்வு நம் குழந்தைகளோடுதான் நடக்கவேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. எனக்குள்ள கேள்வி 'கூட்டு' என்ற சொல்லைப் பற்றியது. லண்டன் பல்கலைக்கழகம் கூட்டாளி. அரசு மருத்துவமனை கூட்டாளி. அறக்கட்டளை கூட்டாளி. குழந்தையைக் கொடுத்த தாய் மட்டும் ஏன் 'பங்கேற்பாளரின் பெற்றோர்' என்ற ஒரு வரியோடு நின்றுவிடுகிறார்?

ஒரே சிகிச்சை, இரண்டு முடிவு: ஏன்?

இங்கேதான் விஷயம் மருத்துவத்தை விட்டு நம் தெருவுக்குள் வருகிறது.

இதே ஆய்வுக் குழுவினர் பிறகு குழந்தைகளின் ரத்தத்தை எடுத்து, எந்தெந்த மரபணுக்கள் இயங்குகின்றன என்று இத்தாலியில் பிறந்த குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2024இல் முடிவு வந்தது. இத்தாலிக் குழந்தைகளிடம் தெரிந்தது ஒரே அடியாக வந்த ஆக்சிஜன் தடை. பிரசவ நேரத்தில் ரத்தப்போக்கு போன்ற திடீர் விபத்து ஒன்று நடந்து, மூளை அடிபட்டிருக்கிறது. அடிபட்ட உடனே குளிரவைத்தால் காப்பாற்றலாம். நம் பக்கத்துக் குழந்தைகளிடம் தெரிந்தது வேறு. விட்டுவிட்டு, நீண்ட நாட்களாக வந்த ஆக்சிஜன் பற்றாக்குறை. கருவிலேயே தொடங்கியது. தாயின் சத்துக்குறைவு, தொற்று, இவை கர்ப்பகாலம் முழுக்கச் சேர்ந்து, கடைசியில் பிரசவ வலியின் அழுத்தத்தையும் தாங்க முடியாமல் மூளை சிதைந்திருக்கலாம் என்பது அவர்கள் சொல்லும் விளக்கம். அப்படியானால் ஆறு மணி நேரக் கெடு பிறந்த பிறகு ஓட ஆரம்பிப்பதில்லை, பல மாதங்களுக்கு முன்பே தொடங்கி முடிந்துவிடுகிறது.

அறிவியல் இதை 'தாயின் சத்துக்குறைவு' என்று இரண்டு சொல்லில் எழுதிவிடுகிறது. அந்த இரண்டு சொல்லுக்குள் என்ன இருக்கிறது? ஏழாம் மாதத்திலும் நூறு நாள் வேலையில் மண் சுமந்தவள் இருக்கிறாள். விடிவதற்கு முன் துடைப்பத்தோடு வண்டி ஏறி, மதியம்வரை கழிப்பறை இல்லாத தெருவில் வேலை பார்த்து, சிறுநீரை அடக்கி அடக்கித் தொற்று வாங்கிக்கொண்டவள் இருக்கிறாள். சூளையில் முன்பணம் வாங்கிவிட்டதால் பிரசவத்துக்கு ஊருக்குப் போக முடியாதவள் இருக்கிறாள். எல்லோரும் சாப்பிட்டபின் மிச்சத்தைச் சாப்பிடுகிறவள் இருக்கிறாள்.

2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. கர்ப்பிணிகளில் 52 விழுக்காடு. பட்டியலின, பழங்குடிப் பெண்களிடம் இந்தச் சராசரியைவிட அதிகம். 2018இல் இந்தியாவின் ஐந்து இடங்களில், அரியானாவின் பல்வல் முதல் ஒடிசாவின் தேன்கனால் வரை, 2 முதல் 9 வயதுக் குழந்தைகளைப் பரிசோதித்த 'இன்க்ளென்' ஆய்வின் முடிவு வந்தது. அதன்படி எட்டில் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு இருக்கக்கூடும். குறைபாட்டோடு தொடர்புடையவை என்று அந்த ஆய்வு பட்டியலிட்டவற்றைப் பாருங்கள்: வீட்டில் நடந்த பிரசவம், பிறந்தவுடன் அழாமை, பிறந்த சில நாட்களில் வந்த நோய், மூளைத் தொற்று, எடைக்குறைவு அல்லது குறைமாதப் பிறப்பு, வளர்ச்சி குன்றிய உடல். இதில் எது வசதியான வீட்டைத் தேடிப் போகும்? எது சேரியைத் தேடி வரும்?

அண்ணல் அம்பேத்கர் இதை 1928லேயே பார்த்தார். பம்பாய் சட்டமன்றத்தில் பேறுகாலச் சலுகை மசோதா வந்தபோது, பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன் என்று வாதாடினார். அந்தச் சுமையை முதலாளியும் அரசும் ஏற்கவேண்டும் என்றார். பின்னர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைக்குப் பொறுப்பேற்றபோது சுரங்கப் பெண் தொழிலாளர்களின் பேறுகாலச் சலுகைக்கும் வேலை செய்தார். இன்றைய மரபணு ஆய்வு, கருவில் இருக்கும் குழந்தையின் மூளையைத் தாயின் உழைப்பும் பசியும் தொடுகிறது என்று காட்டுமானால், அண்ணலின் வாதத்துக்கு ஆய்வகத்திலிருந்து ஆதாரம் வந்திருக்கிறது என்றே நான் எடுத்துக்கொள்வேன்.

ஹீலிக்ஸ் குழுவினரும் இதைப் புரிந்துகொண்டார்கள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அடுத்த ஆய்வில் அவர்கள் தென்னிந்தியாவின் அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுகளுக்குப் போனார்கள். குழந்தையின் இதயத்துடிப்பைப் பிரசவம் முடியும்வரை சரியாகக் கவனிப்பது, தாயுடன் துணைக்கு ஒருவரை வைத்திருப்பது, மூச்சுவிடாத குழந்தைக்கு உடனே சுவாசம் கொடுப்பது, இவற்றால் மூளைப் பாதிப்பையும் பிற்காலத்தில் வரும் வலிப்பையும் தடுக்க முடியுமா என்று பார்ப்பதே நோக்கம். சரியான திசைதான். ஆனால் பிரசவ வார்டில் நம் பெண்கள் வாங்கும் வசவை எந்தக் கருவி அளக்கும்? "பெத்துக்கத் தெரியுது, கத்தத் தெரியாதா, வாய மூடு" என்பதைக் கேட்ட பெண்கள் ஒருவர் இருவரல்லர். வலியில் கத்துகிறவளைத் திட்டி அடக்கும் இடத்தில், "வயித்துல புள்ள அசையல" என்று அவள் சொல்வதை யார் காதில் வாங்குவார்கள்?

ஆறு மணி நேரத்தில் ஒரு கையெழுத்து

ஒப்புதல் விஷயத்துக்கு வருகிறேன். இத்தகைய சிகிச்சை எதுவாக இருந்தாலும் பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்றால், அதற்குள் பெற்றோரின் சம்மதமும் வாங்கவேண்டும். தாய் அப்போது எங்கே இருப்பார்? அறுவை சிகிச்சை முடிந்து மயக்கத்தில், இன்னொரு கட்டடத்தில், சில சமயம் இன்னொரு ஊரில். குழந்தையை 108இல் ஏற்றிக்கொண்டு வந்தவர் அப்பாவோ பாட்டியோதான். அவர்களிடம் ஒரு மருத்துவர் வந்து, உங்கள் குழந்தையின் மூளை பாதிக்கப்பட்டிருக்கிறது, ஓர் ஆய்வு நடக்கிறது, குலுக்கலில் எந்தச் சிகிச்சை வரும் என்று எங்களுக்கே தெரியாது, சம்மதமா என்று கேட்கிறார்.

அந்த மருத்துவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், பொறுமையாகத் தமிழில் விளக்கினாலும், கேட்கிறவர் யார் என்பதை மறந்துவிடக் கூடாது. "அய்யா நீங்க பார்த்து எது செஞ்சாலும் சரிங்க" என்று சொல்லிப் பழக்கப்பட்ட மனிதர் அவர். வேண்டாம் என்று சொன்னால் குழந்தையை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்று பயப்படுகிறவர். வேறு மருத்துவமனைக்குப் போக அவருக்கு வழியில்லை. வேண்டாம் என்று சொல்ல முடிகிறவனின் சம்மதத்துக்குத்தான் பொருள் உண்டு. தலைமுறை தலைமுறையாக 'வேண்டாம்' என்று சொன்னதற்கு அடிவாங்கிய சமூகத்திடமிருந்து ஆறு மணி நேரத்தில் வாங்கும் கையெழுத்தை எப்படி எடைபோடுவது என்பது ஒப்புதல் படிவத்தின் எழுத்துகளை எளிமையாக்குவதால் மட்டும் தீராது.

2019இல் வந்த புதிய மருந்துகள், மருந்துச் சோதனை விதிகளின்படி, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவில் குறைந்தது ஏழு பேர் இருக்கவேண்டும். பாதிப்பேர் அந்த நிறுவனத்துக்கு வெளியே இருந்து வரவேண்டும். ஒரு சாமானியர், ஒரு பெண், ஒரு சட்டம் தெரிந்தவர், ஒரு சமூக அறிவியலாளர் அல்லது தொண்டு நிறுவனப் பிரதிநிதி இருக்கவேண்டும். நல்ல விதிதான். ஆனால் அந்தச் 'சாமானியர்' யார்? ஓய்வுபெற்ற பேராசிரியரா? பக்கத்து வங்கியின் மேலாளரா? அல்லது மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு வாரம் இரண்டு முறை பேருந்து மாறி மாறி சிகிச்சைக்கு வரும் தாயா? விதி வாயை மூடிக்கொண்டிருப்பதால் வழக்கம் முடிவு செய்கிறது. வழக்கம் எப்போதும் யார் பக்கம் என்று நமக்குத் தெரியும்.

பெற்றோர் கூட்டாளிகளாக உட்கார்ந்தபோது

பெற்றோர் ஆய்வுக்குள் வருவது நடக்காத காரியம் என்று யாராவது சொன்னால் ஓர் எடுத்துக்காட்டைக் காட்டுங்கள். தண்டுவடத் தசைநார்ச் சிதைவு, எஸ்.எம்.ஏ. என்று சொல்கிறார்கள். முதுகுத்தண்டில் உள்ள நரம்புச் செல்கள் அழிந்து, குழந்தையின் தசை படிப்படியாகச் செயலிழக்கும் மரபணு நோய். கடுமையான வகை வந்த குழந்தை சிகிச்சை இல்லாவிட்டால் இரண்டு வயதைத் தாண்டுவது கடினம். 2003இல் அமெரிக்காவில் இந்நோய் உள்ள ஒரு சிறுமியின் பெற்றோர் 'எஸ்.எம்.ஏ. ஃபவுண்டேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். பெரும் பணம் திரட்டி விஞ்ஞானிகளையும் நிறுவனங்களையும் ஒரே மேசையில் உட்காரவைத்தார்கள். பி.டி.சி. என்ற நிறுவனமும் ரோஷ் நிறுவனமும் இந்த அமைப்பும் சேர்ந்து உருவாக்கியதுதான் ரிஸ்டிப்ளாம் என்ற, வாய்வழி கொடுக்கும் மருந்து. 2020இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எதுவுமில்லை. தங்கள் குழந்தைக்காகப் போராடினார்கள், உலகத்துக்கே பயன்பட்டது. ஆனால் அவர்கள் நிதித்துறையில் இருந்தவர்கள், பணமும் தொடர்பும் உள்ளவர்கள். எனவே அவர்களுக்கு மேசையில் இடம் கிடைத்தது. எழும்பூர் வராண்டாவில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் தகப்பனுக்கும் குழந்தைமேல் அதே பாசம்தான். ஆய்வில் அவருக்கு ஒப்புதல் படிவத்தில் கைநாட்டு வைக்க மட்டுமே இடம்.

அந்த மருந்து இந்தியாவுக்கு வந்த கதையையும் பாருங்கள். ஒரு குப்பியின் விலை 6 லட்சம் ரூபாய்க்கு மேல். இருபது கிலோ எடையுள்ள பிள்ளைக்கு ஒரு குப்பி 12 நாள்தான் வரும். ஐதராபாத்தின் நாட்கோ நிறுவனம் மலிவான வடிவத்தைக் கொண்டுவர முயன்றபோது ரோஷ் வழக்குப் போட்டது. நோயாளிகளும் நீதிமன்றத்தில் போராடினார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் தடைவிதிக்க மறுத்தது, 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் தலையிட மறுத்தது. நாட்கோ 15,900 ரூபாய்க்கு அதே அளவு குப்பியைக் கொண்டுவந்தது. பெரிய வெற்றி. ஆனாலும் ஆண்டுக்கு 30 குப்பி என்றால் 4.77 லட்சம் ரூபாய். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் ஆண்டு வருமானத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரிய நோய்களுக்கான ஒன்றிய அரசின் கொள்கை 50 லட்சம் ரூபாய் வரை உதவி தருகிறது. வாழ்நாள் முழுக்கச் சாப்பிடவேண்டிய மருந்துக்கு ஒருமுறை உதவி எவ்வளவு தூரம் வரும்? அதைக்கூட வாங்க, முதலில் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும். "புள்ள கொஞ்சம் சோம்பேறி, மெதுவா நடப்பான்" என்று சொல்லி அனுப்பும் நிலைமையில் நம் பகுதியின் எத்தனை குழந்தைகள் பெயரே தெரியாத நோயில் போய்ச் சேர்ந்தார்களோ!

ஆய்வுக்குப் பிறகு

18 மாதத்தில் ஆய்வு முடிகிறது. குழந்தையின் வாழ்க்கை அப்போதுதான் தொடங்குகிறது. உயிர்பிழைத்த குழந்தைக்குக் கைகால் பயிற்சி வேண்டும், பேச்சுப் பயிற்சி வேண்டும், வலிப்பு மாத்திரை ஒருநாள்கூட விடாமல் வேண்டும், பள்ளி வேண்டும். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பராமரிப்பு உதவித்தொகையும் உண்டு. ஆனால் மையம் மாவட்டத் தலைநகரில். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும் நாளில் கூலி இல்லை. பத்து வயதுப் பிள்ளையைத் தூக்கித் தூக்கி முதுகு போன தாய்மார்களை எனக்குத் தெரியும். பயிற்சியைப் பாதியில் விட்டுவிட்டால், "படிக்காத ஜனங்க, சொன்னா கேக்காதுங்க" என்று பதிவேட்டில் எழுதாமல் வாயால் எழுதிவிடுவார்கள்.

"அறிவியலில் சாதியைக் கொண்டுவராதீர்கள்" என்று சிலர் சொல்வார்கள். நாம் கொண்டுவரவில்லை. தாயின் ரத்தத்தில், கர்ப்பத்தில், பிரசவ வார்டில் அது ஏற்கனவே இருக்கிறது. ஆய்வு அறிக்கைகளின் அட்டவணைகளில் தாயின் வயது இருக்கும், குழந்தையின் எடை இருக்கும், சாதி என்ற கட்டம் பெரும்பாலும் இருப்பதில்லை. அளக்காததால் அது இல்லாமல் போய்விடாது. ஒரு சிகிச்சை ஏன் தோற்றது என்று கண்டுபிடிக்க மரபணுவரை தோண்டத் தெரிந்தவர்களுக்கு, அந்தத் தாய் என்ன வேலை செய்தாள், என்ன சாப்பிட்டாள், எந்தத் தெருவில் இருந்தாள் என்று கேட்கத் தெரியாதா?

நாம் கேட்கவேண்டியவை

1. குழந்தைகளின் மூளை, நரம்பு நோய்கள் பற்றிய ஆய்வு நடக்கும் ஒவ்வோர் அரசு மருத்துவமனையிலும் நெறிமுறைக் குழுவின் சாமானியர் இடத்தில், பாதிக்கப்பட்ட குழந்தையின் பெற்றோர் ஒருவர் இருக்கவேண்டும். பட்டியலின, பழங்குடிப் பிரதிநிதித்துவம் கட்டாயமாக வேண்டும். அவருக்கு அன்றைய கூலியும் பயணச் செலவும் கொடுக்க வேண்டும்.

2. பிரசவத்தை ஒட்டி நடக்கும் ஆய்வு என்றால் அதைப் பற்றிக் கர்ப்பகாலப் பரிசோதனையின்போதே தாயிடம் சொல்ல வேண்டும். நெருக்கடி வரும் நேரத்தில் முதல்முறையாகக் கேட்கக் கூடாது. கேட்கும்போது சிகிச்சை தரும் மருத்துவர் அல்லாத ஒருவர் குடும்பத்தின் பக்கம் நிற்கவேண்டும். மறுத்தாலும் சிகிச்சை நிற்காது என்பதை எழுதிக் கொடுக்க வேண்டும்.

3. ஆய்வின் முடிவை ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவர்கள் மொழியில், நேரில் சொல்வது கட்டாயமாக வேண்டும். குழந்தையை இழந்த குடும்பத்துக்கும்தான். அவர்கள் குழந்தையின் மூலம் உலகத்துக்கு என்ன தெரிந்தது என்பதை அறியும் உரிமை மற்ற எவரையும்விட அவர்களுக்கு அதிகம்.

4. ஆய்வில் சேர்ந்த குழந்தைகளுக்கு, எந்தப் பிரிவில் இருந்தாலும், பள்ளி வயது வரையாவது பயிற்சியும் மருந்தும் பயணச் செலவும் ஆய்வு நிதியிலேயே ஒதுக்கப்பட வேண்டும்.

5. தாயின் உழைப்பு, உணவு, சாதி, மருத்துவமனையில் அவர் நடத்தப்பட்ட விதம் ஆகியவை ரகசியம் காக்கப்பட்டுப் பதிவாக வேண்டும், முடிவுகளில் வெளியாக வேண்டும்.

6. அரசுப் பணமோ அரசு மருத்துவமனையோ சேர்ந்த எந்தக் கூட்டு ஆய்விலும், அதிலிருந்து வரும் மருந்து இந்நாட்டின் ஏழைக்கு எட்டும் விலையில் கிடைக்கும் என்ற நிபந்தனை ஒப்பந்தத்திலேயே இருக்கவேண்டும்.

7. தமிழ்நாட்டின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி 18,000 ரூபாய். நல்ல திட்டம். அதைத் தவணை தவறாமல், கர்ப்பகாலத்திலேயே, சாப்பிட வேண்டிய மாதங்களில் கொடுங்கள். பிரசவம் முடிந்து ஓராண்டு கழித்து வரும் பணம் கருவில் இருந்த மூளைக்குப் போய்ச் சேராது.

தோழர்களே, இவை எல்லாம் யாரோ தருவார்கள் என்று காத்திருக்க வேண்டியதில்லை. இந்தியாவில் நடக்கும் மருந்துச் சோதனைகளின் பதிவேடு இணையத்தில் எவரும் பார்க்கும்படி இருக்கிறது. உங்கள் மாவட்ட மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளை வைத்து என்ன ஆய்வு நடக்கிறது, யார் பணம், எந்த நெறிமுறைக் குழு அனுமதித்தது என்று தேடிப் பாருங்கள். அந்தக் குழுவின் சாமானிய உறுப்பினர் யார் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். பதில் வந்தால் நம் பகுதியில் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் தாய்மார்களைக் கூட்டி அதைப் படித்துக் காட்டுங்கள். அடுத்த இடம் காலியாகும்போது அவர்களில் ஒருவரின் பெயரை நாமே எழுதி அனுப்புவோம்.

ஜெய்பீம்.